பச்சை ரிப்போர்ட்டும் கோணல் சேசிஸும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும்: “சேசிஸ் நேராத்தான் இருக்குண்ணே. நாலு சக்கர அலைன்மென்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க, எல்லாம் பச்சை.” அப்படிச் சொல்பவரே அடுத்த வாரம் காரை காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டு, துருப்பிடித்த இடமெல்லாம் தகடு வைத்து வலுவாக்கித் தரச் சொல்வார். ரிப்போர்ட்டுக்கும் தகடுக்கும் நடுவே செய்தாக வேண்டிய ஒரு பெரிய வேலை அங்கே காணாமல் போகிறது. காரின் அடிச்சட்டமான சேசிஸை யாரும் அளக்கவில்லை. சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து, வரம்புக்குள் இருப்பதாகப் பச்சை வாங்கிவிட்டு, அவற்றைத் தாங்கும் இரும்பும் நேராக இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் கிளாசிக் திட்டத்தில் பதிவான காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். அந்த 45 நாளுக்காகப் பல ஆயிரம் வெள்ளி செலவழித்து வலுவூட்டும்போது, கோணலையும் சேர்த்து வலுவாக்கிவிடுவது பெரிய இழப்பு.

அலைன்மென்ட் இயந்திரத்தின் மேல் குறை இல்லை. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொல்கிறது. தனிச் சேசிஸ் உள்ள டிரையம்ஃப் டிஆர்6 காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்க கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, கீழ் விஷ்போன் என்ற சஸ்பென்ஷன் கையின் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஷிம் எனும் மெல்லிய இடைத்தகடு வைத்துத் திருத்தலாம். பின்பக்க டோவை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, டிரெயிலிங் ஆர்ம் பிராக்கெட்டுக்குப் பின்னால் ஷிம் வைத்தும், பின் கேம்பரைப் பிராக்கெட்டில் உள்ள வெட்டுகளை மாற்றிப் போட்டும் திருத்தலாம். ஆக, சேசிஸ் ஒரு பக்கம் 4 மி.மீ. உள்வாங்கியிருந்தாலும் ஷிம்களை அடுக்கிப் பச்சை வாங்கிவிட முடியும். இப்படிப்பட்ட காரில் முதலில் எண்ண வேண்டியது ஷிம்களை. இடப்பக்கம் 1, வலப்பக்கம் 4 என்றிருந்தால், முன்பு யாரோ ஒரு கோணலை மறைத்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எம்ஜிபி போல முழு அச்சாகப் பின் ஆக்சில் உள்ள காரில் மறைக்க வழி குறைவு. அதன் பின் சக்கரங்களின் இடைவெளி ஏறக்குறைய 1,250 மி.மீ. ஒரு பின்சக்கரம் மற்றதைவிட 5 மி.மீ. பின்தள்ளியிருந்தால் ஆக்சில் 0.23 டிகிரி திரும்பி நிற்கும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள 2,311 மி.மீ. தூரத்தில் அது 9 மி.மீ. விலகலாகிறது. கார் நண்டு போலச் சற்றே பக்கவாட்டில் ஓடும். இயந்திரம் இதைத் த்ரஸ்ட் கோணம் என்ற பெயரில் காட்டத்தான் செய்கிறது. ஆனால் முன் டோவை அந்தத் த்ரஸ்ட் கோட்டுக்கு ஏற்பத் திருத்திவிட்டால் ஸ்டீயரிங் நேராக வந்துவிடும், வாடிக்கையாளரும் திருப்தியாகிவிடுவார், அந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை. ஆய்வு நிலையத்தின் சைட்ஸ்லிப் பலகையும் இதற்கு உதவாது. சக்கரம் பலகையைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை மட்டுமே அது சொல்லும்.

தரையும் நூலும் தூக்குக்குண்டும்

சேசிஸை அளக்க விலையுயர்ந்த பெஞ்ச் கட்டாயம் இல்லை. கட்டுமானத் தளத்தில் நம்மவர்கள் அன்றாடம் கையாளும் தூக்குக்குண்டு, நூல், டியூப் லெவல், மூலைமட்டம், நல்ல டேப் ஆகியவை போதும். இவற்றோடு ஒரு டிராம் கேஜ் இருந்தால் வேலை சுலபம். அதாவது இரு முனையிலும் கூர் ஊசி உள்ள, நீளத்தை மாற்றக்கூடிய கம்பி. இல்லாவிட்டால் அலுமினியப் பெட்டிக்குழாயில் இரண்டு ஊசிகளைப் பொருத்தி நாமே செய்துகொள்ளலாம்.

வொர்க்‌ஷாப் தரையை நம்பக் கூடாது. தண்ணீர் ஓட வேண்டும் என்று சரிவாகவே போடுவார்கள். அதனால் காரை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, ஸ்டாண்டுகளின் தலையை டியூப் லெவலில் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, தேவையான இடத்தில் தகடு வைத்துச் சமன் செய்ய வேண்டும். ஸ்டாண்ட் நிற்க வேண்டிய இடம் சஸ்பென்ஷன் பிடிக்கும் புள்ளிகளுக்கு அருகில், காரின் எடை வழக்கமாக இறங்கும் இடத்தில். நடுவில் தாங்கினால் இரு முனையும் தொங்கும். துருப்பிடித்த சேசிஸில் அந்தத் தொய்வே சில மி.மீ. இருக்கும், நீங்கள் அளப்பது உங்கள் ஸ்டாண்டைத்தான். எஞ்சின் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதையும் தாளில் குறித்துவைக்க வேண்டும். ஒருமுறை எஞ்சினோடும் மறுமுறை எஞ்சின் இல்லாமலும் எடுத்த அளவுகளை ஒப்பிட முடியாது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு, 0.012 மி.மீ. நீளும். வொர்க்‌ஷாப் வாசலில் கார் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நின்று, இரு பக்கங்களுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால், சேசிஸின் நீளவாட்டு இரும்பான 2.2 மீட்டர் ரெயிலில் 0.8 மி.மீ. போய்விடும். 3 மி.மீ.க்குள் சண்டை போடும் வேலையில் 0.8 சின்ன எண் அல்ல. காலையில், முழுதும் நிழலில் அளப்பதே சரி.

அளவுப் புள்ளிகளாக ஆலையில் துளைத்த ஓட்டைகளையும் சஸ்பென்ஷன் பிடிமானங்களையும் மட்டும் எடுக்க வேண்டும். முன் விஷ்போன் பிராக்கெட், பாடி மவுன்ட் ஓட்டைகள், பின் ஸ்பிரிங் ஹேங்கர் அல்லது டிரெயிலிங் ஆர்ம் பிராக்கெட். பிற்பாடு ஒட்டுப்போட்ட தகட்டின் விளிம்பு எதற்கும் ஆதாரமாகாது. ஓட்டையின் மையத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். இரண்டு ஓட்டையும் ஒரே விட்டம் என்றால், ஒன்றின் முன் விளிம்பிலிருந்து மற்றதன் முன் விளிம்புக்கு அளந்தால் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம் அப்படியே கிடைக்கும். டேப்பின் கொக்கி முனை ஆடும். எனவே 100 மி.மீ. கோட்டிலிருந்து தொடங்கிப் பின்னர் 100ஐக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, தரையில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் மெல்லிய பேனாவால் குறித்து, இடம் வலம் ஜோடிகளின் நடுப்புள்ளிகளை நூலால் இணைத்தால் காரின் மையக்கோடு தரையில் வந்துவிடும். எல்லா நடுப்புள்ளிகளும் அந்த நூலின் மேல் விழ வேண்டும். விழாத ஜோடி பிரச்சினை எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

மூலைவிட்டம் சொல்லாத கதை

“குறுக்கே ரெண்டு அளவும் ஒண்ணுதான், அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் நிறைய. மூலைவிட்டம் நல்ல சோதனைதான். ஆனால் எல்லாக் கோணலுக்கும் அது ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. 2,000 மி.மீ. நீளமும் 800 மி.மீ. அகலமும் உள்ள சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு ரெயில் மற்றதைவிட 5 மி.மீ. முன்னால் போய், சட்டம் சாய்சதுரமாகிவிட்டால், இரு மூலைவிட்டங்களுக்கும் வித்தியாசம் 9 மி.மீ.க்கு மேல். டேப்பே கத்திச் சொல்லும். அதே சட்டத்தின் முன்பகுதி அடிபட்டு 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் வித்தியாசம் 4 மி.மீ.கூட வராது. டேப் பிடிக்கும் ஆளின் கை நடுக்கத்தில் பாதி மறைந்து, “பழைய கார்தானே, இருக்கட்டும்” என்று விட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் பழைய கார்களில் அடிக்கடி காண்பது இந்தப் பக்கவாட்டு விலகல்தான். எப்போதோ சாலையோரக் கெர்பில் ஏறியதும் பக்கவாட்டில் இடி வாங்கியதும் இப்படித்தான் தங்கிவிடுகின்றன.

இதற்கு வழி, சேசிஸை முன், நடு, பின் என மூன்று பெட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மூலைவிட்டத்தையும் தனித்தனியாக எடுப்பது. 700க்கு 700 உள்ள முன்பெட்டியில் அதே 5 மி.மீ. நகர்வு 7 மி.மீ. வித்தியாசமாகத் தெரியும். உங்கள் காரின் வொர்க்‌ஷாப் மேனுவலில் சேசிஸ் அளவுப் படம் இருந்தால் அதுவே முதல் ஆதாரம். பல பிரிட்டிஷ் கார்களுக்கு உண்டு. படம் இல்லாதபோது இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்பதே அளவுகோல். 3 மி.மீ.க்குள் இருந்தால் அந்தக் காலத்து ஆலையின் வேலைப்பாடே அப்படித்தான் என்று ஏற்கலாம். அதைத் தாண்டினால் முதலில் திரும்ப அளக்க வேண்டும், இம்முறை வேறு ஆள். அதே எண் வந்தால்தான் அது கோணல்.

முறுக்கு மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மூலைவிட்டங்கள் ஒன்றாக இருக்கும், மையக்கோடும் நேராக இருக்கும், சேசிஸ் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும். மூன்று புள்ளிகளை ஒரே மட்டத்தில் நிறுத்தி நான்காவதைப் பார்ப்பதுதான் இதற்குச் சோதனை. முன்னும் பின்னும் குறுக்கே நேரான இரண்டு கம்பிகளை வைத்து, தூரத்தில் குனிந்து ஒன்றின் மேல் மற்றொன்றைக் கண்ணால் பொருத்திப் பார்க்கும் பழைய முறையும் நம்பத்தக்கதே. டிஜிட்டல் கோணமானி 0.1 டிகிரி காட்டினால், 800 மி.மீ. அகலத்தில் அது 1.4 மி.மீ. உயர வித்தியாசம். 0.3 டிகிரி என்றால் 4 மி.மீ.க்கு மேல், அதைத் திருத்தாமல் மேற்கொண்டு போகக் கூடாது. ஓடும் காரில் முறுக்கின் அடையாளம், எதிரெதிர் மூலையில் உள்ள இரு சக்கரங்கள் அதிக எடை தாங்குவது. நான்கு எடைத் தட்டுகளில் நிறுத்தினால் தெரிந்துவிடும். பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் வளைவு ஏற்றத்தில் ஒரு கதவு மட்டும் கிரீச்சிடுகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இதையும் பாடி மவுன்ட்களையும்தான்.

இழுப்பது

திருத்தும்போது முறுக்கை முதலில் எடுக்க வேண்டும். சட்டம் ஒரு மட்டத்துக்கு வராதவரை மற்ற அளவுகளுக்கு அர்த்தமில்லை. மூன்று மூலைகளைத் தரைப் பிடிமானத்தில் சங்கிலியால் கட்டி, நான்காவதை ஹைட்ராலிக் ஜாக்கால் தள்ளுவதோ இழுப்பதோ வழக்கம். 10 டன் பாடி ஜாக் பெட்டி இந்த வேலைக்குத் தாராளம். பழைய கார்களின் மைல்டு ஸ்டீலைக் குளிர்ந்த நிலையிலேயே இழுக்கலாம், இழுக்க வேண்டும். விட்டால் அது கொஞ்சம் திரும்பிப் போகும் என்பதால் தேவைக்குச் சற்று மேலே இழுத்து, சுமையோடு நிறுத்தி, வளைவைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, பிறகு விட்டு, அளந்து, மறுபடி இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் முடிக்க நினைப்பதுதான் விரிசலுக்குக் காரணம். சங்கிலி இழுபடும் நேரத்தில் அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. சங்கிலி மேல் கனமான போர்வை போட்டுவைப்பது நல்ல பழக்கம்.

இங்கேதான் நம் ஊர் ஈரம் தொல்லை தருகிறது. ரெயிலின் உள்ளே துரு தின்றிருந்தால், இழுக்கும் விசை வளைந்த இடத்துக்குப் போகாமல் மெலிந்த இடத்தைக் கிழிக்கும். அதனால் இழுப்பதற்கு முன் சுத்தியலால் தட்டிக் கேட்டு, முடிந்தால் அல்ட்ராசோனிக் தடிமன் மானியால் பார்த்து, மெலிந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட வேண்டும். அங்கெல்லாம் தற்காலிகமாக ஆங்கிள் இரும்பை டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்துக் கட்டிவிட்டு இழுத்து, நேரான பிறகு அந்தப் பகுதியை வெட்டி மாற்றலாம்.

தனிச் சேசிஸ் இல்லாத எம்ஜிபியில் சேசிஸின் வேலையைச் செய்வது ‘சில்’, அதாவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிதான். வெளிச் சில், உட்சில், நடுத்தகடு, அடியில் கேஸில் ரெயில் என எல்லாம் சேர்ந்தே காரைத் தாங்குகின்றன. திறந்த காரில் கூரையும் உதவிக்கு இல்லை. கதவுத் திறப்பின் குறுக்கே முன்னுள்ள ஏ தூணுக்கும் பின்னுள்ள பி தூணுக்கும் பிரேஸ் (தற்காலிகத் தாங்குகம்பி) வைக்காமல் சில்லை வெட்டினால் கார் நடுவில் தொய்யும். கதவு இடைவெளி மேலே குறுகும், கீழே விரியும். பிரேஸ் வைக்கும் முன் கதவைத் தொங்கவிட்டு இடைவெளியை எழுதிக்கொள்ளுங்கள், மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில். ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

கிளாம்பைத் தளர்த்தும் நேரம்

இத்தனை அளந்து, இழுத்து, நேராக்கியபின் வலுவூட்டும் தகடு வருகிறது. என் பார்வையில் மொத்த வேலையின் திருப்பம், தகட்டை டேக் வைத்து முடித்தபின், முழு வெல்டிங்குக்கு முன், எல்லாக் கிளாம்புகளையும் தளர்த்திவிட்டு மீண்டும் அளக்கும் அந்த நேரம். பெரும்பாலான வொர்க்‌ஷாப்கள் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். கிளாம்பில் இருக்கும் எதுவும் நேராகத்தான் நிற்கும். அங்கே படிப்பது கிளாம்பின் பலம். தளர்த்தினால்தான் சேசிஸ் தன் இயல்புக்குப் போகிறது, டேக் எவ்வளவு இழுத்திருக்கிறது என்பதும் அப்போதே தெரிகிறது. 1 மி.மீ.க்குள் அசைந்தால் தொடரலாம். 3 மி.மீ. அசைந்தால் டேக்குகளைக் கிரைண்டரால் வெட்டி, தகட்டை எடுத்து, திரும்பவும் பொருத்த வேண்டும். டேக்கை வெட்ட அரை மணி நேரம் ஆகும். முழு வெல்டிங்குக்குப் பிறகு அதே 3 மி.மீ.ஐத் திருத்துவது, இரண்டு மடங்கு தடிமனான ரெயிலோடு மல்லுக்கட்டும் வேலை. முன்பு 10 டன்னில் நகர்ந்தது இப்போது நகராது.

வெல்டிங் இழுக்கும் திசையை முன்கூட்டியே கணிக்கலாம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது, ரெயிலின் முனைகள் வெல்டு போட்ட பக்கமாகத் திரும்புகின்றன. மேல்பக்கம் மட்டும் நீளமாகப் போட்டால் முனைகள் உயரும், நடு தொய்யும். அடியில் மட்டும் போட்டால் முனைகள் இறங்கும். இரு ரெயில்களின் வெளிப்பக்கத்தில் மட்டும் போட்டால் முனைகள் வெளியே விரியும். எனவே மேலும் கீழும், இடமும் வலமும் சம அளவில், மாறி மாறிப் போட வேண்டும். 50 மி.மீ.க்கு ஒரு டேக். பிறகு 25 மி.மீ. நீளத் துண்டுகளாக, நடுவிலிருந்து முனைகளை நோக்கி. ஒரு துண்டு இட ரெயிலின் முன்னால், அடுத்தது வல ரெயிலின் பின்னால். உள்ளங்கையை வைத்துத் தாங்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஈரத்துணி போட்டு அவசரமாக ஆற்றக் கூடாது. இந்தத் தடிமனுக்கு 0.8 மி.மீ. கம்பியில், ஆர்கான் கார்பன் டை ஆக்சைடு கலவையில் மிக் வெல்டிங் பொருத்தம். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றுவதும் பெட்ரோல் டாங்க்கைக் காரிலிருந்து எடுத்துவிடுவதும் கட்டாயம்.

தகட்டின் தடிமன் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2 மி.மீ. ரெயிலுக்கு 2 மி.மீ. தகடு போதும். 5 மி.மீ. வைத்தால் வலு கூடுவதுபோலத் தெரியும். உண்மையில் வளைக்கும் விசை முழுவதும் தகடு முடியும் விளிம்பில் குவிந்து, அடுத்த விரிசலை அங்கே கொண்டுவரும். தகட்டின் முனையைச் சதுரமாக வெட்டாமல் வைரம் போலக் கூராக்கி, ரெயிலின் குறுக்கே நேராக வெல்டு போடாமல் முடிப்பதும் இதே காரணத்துக்காக. டிஆர்6இன் டிஃப்பரன்ஷியல் பிடிமான ஊசிகள் விரிசல் விடுவது பிரசித்தம். அங்கேகூட ஊசியைச் சுற்றி மெல்லிய முக்கோணத் தகடுகளால் பெட்டி கட்டுவதே பலன் தருகிறது.

வெல்டிங் முடிந்து, முழுதும் ஆறி, கிளாம்பும் ஜிக்கும் எடுத்த பிறகு அதே புள்ளிகளில், அதே டேப்பால் கடைசி அளவு. இழுக்கும் முன், இழுத்தபின், டேக்குக்குப் பின், வெல்டுக்குப் பின் என நான்கு நிரல்களும் ஒரே தாளில் இருக்க வேண்டும். வொர்க்‌ஷாப்பிடம் ரசீதோடு இந்தத் தாளையும் கேளுங்கள். தர மறுத்தால் அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அலைன்மென்ட் இயந்திரத்துக்குக் காரைக் கொண்டுபோவது இதற்கும் பிறகு, சஸ்பென்ஷனில் புது ரப்பர் புஷ் மாட்டி, ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே கவனிக்க வேண்டியவை இரண்டு. கட்டமைப்பில் எதை மாற்றலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சேசிஸ் எண் பொறித்த பகுதியை வெட்டவோ தகட்டால் மூடவோ கூடாது.

வலுவூட்டிய ஒவ்வொரு இடமும் புதிதாக ஒரு மூடிய பெட்டி. இங்கே அதற்குள் ஈரம் தங்காமல் இருக்காது. தகடு படியும் பரப்புகளில் வெல்டிங்கைத் தாங்கும் ஜிங்க் பிரைமர், பழைய வடிகால் ஓட்டைகளைத் திறந்தே வைப்பது, மூடவேண்டி வந்தால் பெட்டியின் தாழ்ந்த இடத்தில் புதிதாக ஒன்று துளைப்பது, கடைசியில் நீண்ட முனையுள்ள குழாயால் உள்ளே துரு தடுக்கும் கேவிட்டி வாக்ஸ், இவ்வளவும் வேண்டும். தனிச் சேசிஸ் வைத்திருப்பவர்கள் சிலர் முழுவதையும் துத்தநாகத்தில் முக்கி கால்வனைஸ் செய்யக் கேட்பார்கள். உள்ளும் புறமும் பூச்சு ஏறும் என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் துத்தநாகக் குளியலின் சூடு 450 டிகிரி செல்சியஸ். வெல்டிங்கில் தங்கியிருந்த இழுவிசை அந்தச் சூட்டில் தளரும், சேசிஸ் அசைய வாய்ப்புண்டு. மூடிய பெட்டிகளில் காற்றும் துத்தநாகமும் வெளியேற ஓட்டைகள் இல்லையென்றால் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. குளியலிலிருந்து திரும்பி வந்த சேசிஸைப் பாடியில் மாட்டும் முன், அந்தத் தாளில் ஐந்தாவது நிரலையும் நிரப்பிவிடுங்கள்.